பரங்கிப் பூவுக்குத் தேனீ போதுமான அளவு வருகிறதா?

கேள்வி: அரை ஏக்கரில் பரங்கி போட்டிருக்கிறேன். கொடி செழிப்பாக இருக்கிறது, பூவும் நிறைய. ஆனால் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தேனீ வரத்துக் குறைவு என்கிறார்கள். தோட்டத்தில் தேனீ பறப்பதைத் தினமும் பார்க்கிறேன். போதுமான அளவு வருகிறதா என்று எப்படி அளப்பது?

பதில்: தேனீ தோட்டத்தில் பறப்பது வேறு, பெண் பூவில் இறங்குவது வேறு. பரங்கியின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை கொண்டது. காற்று அதைத் தூக்கிச் செல்லாது. அதனால் பெண் பூவுக்கு வரும் வரத்தைத்தான் நீங்கள் எண்ண வேண்டும்.

பரங்கிப் பூ விடியலில் விரிந்து முற்பகலிலேயே சுருங்கிவிடும், மறுநாள் திறக்காது. ஆகவே காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் எண்ணுங்கள். பக்கத்தில் புடலையோ சுரையோ இருந்தால் இந்த நேரம் அவற்றுக்குப் பொருந்தாது. அவை பொழுது சாய்ந்தபின் பூத்து அந்துப்பூச்சிக்குக் காத்திருப்பவை.

பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு தெரிந்தால் அது பெண் பூ. ஒரே பார்வையில் அடங்கும் இரண்டு மூன்று பெண் பூக்களைத் தேர்ந்துகொண்டு, உங்கள் நிழல் விழாதபடி சற்றுத் தள்ளி உட்கார்ந்து 10 நிமிடம் பாருங்கள். பூவின் நடுவில் உள்ள சூலகமுடியைப் பூச்சி தொட்டால் மட்டும் ஒரு கோடு போடுங்கள். இதழைக் கடிக்கும் சிவப்பு வண்டும், ஊரும் எறும்பும் கணக்கில் சேரா. ஒரே தேனீ மூன்று பூவில் இறங்கினால் மூன்று வரவு. பிரிட்டனில் 2017 முதல் பொதுமக்களைக் கொண்டு நடக்கும் மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளின் கண்காணிப்பிலும் அரை மீட்டர் சதுரத்தை 10 நிமிடம்தான் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே எண்ணுவது பூச்சிகளின் தலைக்கணக்கு. காய்ப்பை அறிய விரும்பும் உங்களுக்கு வரவுக் கணக்கே வேண்டும்.

மூன்று பூவில் 10 நிமிடத்தில் 6 வரவு என்றால், பூவொன்றுக்கு 2, மணிக்கு 12. அடுக்குத் தேனீ, மலைத் தேனீ, கொசுத் தேனீ, கருவண்டு எனத் தனித்தனியாகக் குறித்தால் இன்னும் நல்லது. ஒன்றுமே வராத 10 நிமிடத்தையும் பூஜ்யம் என்று எழுதுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அதோடு கணக்கே பொய்யாகிவிடும். வரப்போரம் மட்டும் பார்க்காமல் வயலின் நடுவிலும், வெவ்வேறு நாட்களிலும் எண்ணுங்கள். மேகமூட்டம், காற்று, மழை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வரவு போதும் என்று எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே எண்ணைச் சொல்ல மாட்டேன். உங்கள் கொடியையே கேட்கலாம். ஒரே காலையில் விரிந்த 20 பெண் பூக்களை வெவ்வேறு கொடிகளில் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே காய் பிடித்த கொடி வேண்டாம். அது புதுப் பிஞ்சைத் தானே உதிர்த்துவிடும். பத்துப் பூவில், இதழ் நீக்கிய புது ஆண் பூவைத் தடவிச் சிவப்பு நூல் கட்டுங்கள். மீதிப் பத்துக்கு வெள்ளை நூல் மட்டும். ஒரு வாரம் கழித்துச் சிவப்பு நூல் பிஞ்சுகள் பெருத்து, வெள்ளை நூல் பிஞ்சுகள் பெரும்பாலும் உதிர்ந்திருந்தால் வரத்துக் குறைவுதான் காரணம். இரண்டும் உதிர்ந்தால் தண்ணீர், உரம், வெயில் ஆகியவற்றைப் பாருங்கள். உதிர்ந்த பிஞ்சில் ஊசி குத்தியதுபோல் துளை இருந்தால் பழ ஈயைச் சந்தேகியுங்கள்.

வரத்துக் குறைவு உறுதியானால் காலையில் கையால் மகரந்தம் சேர்ப்பதைத் தொடருங்கள். தேனீப் பெட்டி வைக்க முடிந்தால் வையுங்கள். பூக்கும் காலத்தில் பூச்சிமருந்தைத் தவிருங்கள். அடித்தே ஆக வேண்டுமென்றால், பூ சுருங்கித் தேனீ கூடு திரும்பிய பிறகு, மாலையில் அடியுங்கள்.