ஒசாகாவில் குடிக்காதவர்களுக்கு இரவில் பொழுதுபோக்க என்ன இருக்கிறது?

எனக்கு முன்னால் பதில் எழுதியவர்களில் பாதிப் பேர் "குடிக்க மாட்டீர்களா? அப்போ அறையில் படுத்துத் தூங்குங்கள்" என்று நக்கலடித்திருக்கிறார்கள். மீதிப் பேர் கிளப் பெயர்களாக அடுக்கியிருக்கிறார்கள். ஒசாகாவில் சில வருடம் வேலை பார்த்தவள் நான். ஒரு சொட்டு பீர் குடித்ததில்லை. அதனால் இதற்குப் பதில் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

நீங்கள் ஆபீஸ் வேலையாகத்தான் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நம்பாவிலோ உமேதாவிலோ ஹோட்டல் போட்டிருப்பார்கள். மீட்டிங் முடிந்ததும் கூட வந்தவர்கள் இசகாயாவுக்கு, அதாவது குடியோடு சாப்பாடும் கிடைக்கும் கடைக்குக் கிளம்புவார்கள், நீங்கள் தலைவலி என்று சொல்லி நழுவப் பார்ப்பீர்கள். நழுவாதீர்கள், கூடவே போங்கள். குடியை விட அங்கே தீனிதான் அதிகம். ஊலாங் டீ கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு பானமாவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணத்தில் எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள், அதற்கு பில்லில் 300 முதல் 500 யென் வரை ஏறும். ஏமாற்று என்று சண்டைக்குப் போகாதீர்கள். உட்காரும் இடத்துக்கான காசு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த இடம் தென்மா. தென்ஜின்பாஷிசுஜி என்று 2.6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கடைத்தெரு இருக்கிறது, அதை ஒட்டிய சந்துகளில் நின்றுகொண்டே சாப்பிடும் கடைகள். நான் வழக்கமாகப் போன குஷிகாட்சு கடையில் பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். தாமரைக் கிழங்கு, வெங்காயம், கத்தரிக்காய் என்று குச்சியில் குத்திப் பொரித்துத் தருவார்கள். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தொட்டி நிறைய சாஸ், எல்லோருக்கும் பொது. ஒரு முறைதான் முக்கலாம், கடித்ததை மறுபடி முக்கக்கூடாது என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு அதைச் சொல்லியே தர வேண்டாம். சாஸ் போதவில்லை என்றால் கூடவே வைத்திருக்கும் முட்டைக்கோஸ் இலையால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் பாட்டிலுக்கு மாறிவிட்டன. (சுத்த சைவக்காரர்கள் என்மேல் பாயாதீர்கள். மாவில் முட்டை இருக்கும், இறால் பொரித்த எண்ணெயில்தான் கத்தரிக்காயும் பொரியும்.)

2023 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கடையில் தலைக்கு மேலே டிவியில் ஜப்பான் சீரிஸ் என்ற பேஸ்பால் இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஹான்ஷின் டைகர்ஸும் ஓரிக்ஸும், இரண்டுமே அந்தப் பக்கத்து அணிகள். எனக்கு பேஸ்பால் சுத்தமாகத் தெரியாது. பக்கத்தில் நின்ற பெரியவர், கழுத்தில் மஞ்சள் துண்டு, எனக்குப் பாடமே நடத்தினார். 1985-ல் ஹான்ஷின் லீக் பட்டம் வென்ற இரவில், ஒவ்வொரு வீரர் சாயலிலும் ஒரு ரசிகரைக் கூப்பிட்டு தோதோன்போரி ஆற்றில் குதிக்க வைத்தார்களாம். அமெரிக்க வீரர் ராண்டி பாஸ் சாயலில் ஆள் கிடைக்கவில்லை. கென்டக்கி சிக்கன் கடை வாசலில் நின்ற கர்னல் சாண்டர்ஸ் சிலைக்கும் தாடி இருக்கிறதே என்று அதைத் தூக்கி ஆற்றில் போட்டுவிட்டார்கள். அந்த வருடம் ஜப்பான் சீரிஸையும் ஜெயித்த அணி, அதன்பின் அந்தத் தொடரை ஜெயிக்கவே இல்லை. சிலையின் சாபம் என்றார்கள். 2009-ல் ஆற்றிலிருந்து சிலையை எடுத்தபோது கண்ணாடியும் இடது கையும் இல்லை. அதற்கப்புறமும் சாபம் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஹான்ஷின் 7-1 என்று ஜெயித்தது. 38 வருடம் கழித்து! பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் தட்டிலிருந்த தாமரைக் கிழங்குக் குச்சியை என் தட்டில் வைத்தார். நான் ஓகிமாச்சியில் மெட்ரோ பிடித்து நிப்போன்பாஷியில் இறங்கி ஆற்றங்கரைக்குப் போனேன். எபிசு பாலத்தில் யாரையும் நிற்கவிடாமல் போலீஸ் நகர்த்திக்கொண்டே இருந்தது, அப்படியும் சிலர் குதித்தார்கள். முன்பின் தெரியாத பெண்கள் என் உள்ளங்கையில் தட்டிவிட்டுப் போனார்கள். நான் குடித்திருந்தது மூன்று கிளாஸ் டீ.

"அந்நேரத்தில் ஒரு பெண் தனியாகவா?" என்று இதைப் படித்துவிட்டு யாராவது கேட்பீர்கள், ஊரில் என் சித்தப்பாவே கேட்டார். ஜப்பானில் தப்பே நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. மிதோசுஜி லைன் ரயிலில் பெண்களுக்குத் தனிப் பெட்டி சும்மாவா வைத்திருக்கிறார்கள்? வெளிச்சமும் கூட்டமும் உள்ள தெருக்களில் எனக்குத் தொல்லை வந்ததில்லை, அவ்வளவுதான்.

எனக்குத் தொல்லை வந்தது வீடு தேடியபோது. கடையில் தன் தட்டிலிருந்து எடுத்து வைக்கிற அதே ஊரில், வாடகை வீட்டுத் தரகர் என் எதிரிலேயே ஓனருக்கு போன் போடுவார். "வெளிநாட்டவர்... ஆமாம், ஜப்பானிய மொழி பேசுகிறார்... சரி, புரிகிறது" என்று வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்துக் காட்டுவார். கடைசியில் கிடைத்த வீட்டுக்கு, திரும்பி வராத 'நன்றிப் பணம்' என்று ஒரு மாத வாடகை போனது. எதற்கு நன்றி என்று இன்னும் எனக்கு எரிகிறது. சரி, கேள்விக்கு வருகிறேன்.

கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், அடுத்தது காலை ஐந்து மணி வாக்கில். தவறவிட்டால் டாக்ஸிக்கு அழாமல் கரோக்கேக்குப் போங்கள். விடியும்வரை ஒரே கட்டணம், குளிர்பானம் எவ்வளவு வேண்டுமானாலும், தனி அறை. பாடப் பிடிக்காவிட்டால் சோபாவில் தூங்கலாம், பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள். கரோக்கே மெஷினை 1971-ல் இனோவே தைசுகே என்பவர் செய்தது பக்கத்து ஊரான கோபேயில். காப்புரிமை எடுக்காததால் கோடிகளை விட்டவர் அவர்.

கூட்டம் ஆகாது என்றால் உமேதா ஸ்கை பில்டிங் உச்சியில் நின்று ஊரைப் பார்க்கலாம், இரவு 10.30 வரை திறந்திருக்கும். தெருவில் சிரித்துக்கொண்டே கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிறவர்கள் பின்னால் மட்டும் போகாதீர்கள். என் டீமில் ஒருத்தர் அப்படிப் போய் இரண்டு பீருக்குக் கொடுத்த காசில் நான் ஒரு மாதம் குஷிகாட்சு சாப்பிட்டிருப்பேன்.

"இதெல்லாம் ஒரு நைட்லைஃபா?" என்று கேட்கப்போகிறவர்களே, கிளப்புகள் அமெரிக்காமுரா என்ற பகுதியில் இருக்கின்றன. 20 வயது ஆகியிருக்க வேண்டும், பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். நள்ளிரவுக்கு மேல் கிளப்பில் ஆட்டம் போடவிடுவதைத் தடுத்த 1948-ம் வருடத்துச் சட்டம் திருத்தப்பட்டு 2016-ல்தான் விடிவு வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 2012-ல் போலீஸ் பிடித்துப்போன ஒசாகா கிளப் உரிமையாளரைக் கோர்ட் விடுவித்த கதையும் உண்டு. உள்ளே எப்படி என்பதை ஆடுகிறவர்கள் எழுதட்டும், எனக்குக் காது வலிக்கும்.