மேடைப் பதிவுகளில் ஃப்ரெடி மெர்க்குரியின் குரல் தாழ்ந்துபோனதா?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குவீனின் ஆல்பங்களில் உச்ச சுரங்களைத் தொடும் அதன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி, கச்சேரிப் பதிவுகளில் அதே இடங்களைத் தாழ்த்திப் பாடுவதால், அவருடைய குரல் மேடைக்குப் போதவில்லை என்று ரசிகர்களில் ஒரு சாரார் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை என்பதே என் உறுதியான கருத்து.

ஸ்டுடியோவில் ஒரே வரியைப் பலமுறை பாடி, குரலின் மேல் குரலை அடுக்கிக்கொள்ளலாம்; மேடையிலோ ஓடியாடிக்கொண்டும் இடையிடையே பியானோ வாசித்துக்கொண்டும் ஒரே மூச்சில் பாடியாக வேண்டும், அடுத்த ஊரில் மறுபடியும் பாட வேண்டும். அவருடைய குரல்நாண்களில் முடிச்சுகளும் (சிறு தடிப்புகள்) இருந்தன. எனவே உச்ச சுரங்களை அவர் தவிர்த்ததைக் குரலைக் காத்துக்கொள்ளும் விவேகம் என்றே கொள்ள வேண்டும். மேல் ஸ்தாயிப் பகுதிகள் சிலவற்றை டிரம்மர் ரோஜர் டெய்லர் பாடினார். ‘பொஹீமியன் ராப்சடி’ பாடலின் ஓபரா பகுதியை, அத்தனை அடுக்குக் குரல்களை நால்வரால் மேடையில் எழுப்ப இயலாது என்பதால், ஒலிநாடாவிலிருந்தே ஒலிக்கவிட்டார்கள்.

எந்தக் கச்சேரியைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 1985 ஜூலை 13 அன்று, லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த ‘லைவ் எய்ட்’ என்ற நிதிதிரட்டும் கச்சேரியில், பாடல்களுக்கு நடுவே ‘ஏ... ஓ’ என்று அவர் கூட்டத்தோடு மாறி மாறிப் பாடும் இடத்தைக் கவனியுங்கள்: நீண்ட சுரமொன்றை மூச்சு தளராமல் நிறுத்துகிறார், கூட்டமும் அதையே திருப்பிப் பாடுகிறது. குரலில் லேசான கரகரப்பு உண்டு. அது சுருதியைக் குலைக்கவில்லை. 1981 நவம்பரில் மாண்ட்ரியலில் எடுத்த பதிவில் குரல் இன்னும் திடமாக இருக்கிறது; ஒப்பிடுவதானால் அங்கிருந்து தொடங்குங்கள்.