மாறியின் மதிப்பு எந்த வரம்புக்குள் இருக்கும் என்று நிரலர், நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்குச் சொல்ல வேண்டுமா?

டைப் (மாறியின் வகை) வழியாகத் தாராளமாகச் சொல்லுங்கள். தனிக் குறிப்பாக எழுதுவதென்றால் நான்கு முறை யோசியுங்கள். சூடுபட்டவன் சொல்கிறேன்.

பலன் இருப்பது உண்மைதான். குறியுள்ள முழு எண்ணை 8 ஆல் வகுக்கும்போது, அது எதிர்ம எண்ணாகவும் இருக்கலாம் என்பதற்காகக் கம்பைலர் சில கூடுதல் கட்டளைகளைச் சேர்க்கிறது. எதிர்மமே வராது என்று தெரிந்தால் வலப்புறம் மூன்று பிட் நகர்த்துவதோடு வேலை முடிந்துவிடும். ஆனால் மேலே ஓர் இஃப் போட்டு எதிர்ம மதிப்புகளைத் திருப்பி அனுப்பியிருந்தாலே ஜிசிசி, கிளாங் போன்ற கம்பைலர்கள் இதைத் தாமாகவே கண்டுபிடித்துவிடும். நாம் எழுதும் குறிப்புகளில் பாதி, கம்பைலருக்கு ஏற்கெனவே தெரிந்த சேதி.

என் கதைக்கு வருகிறேன். ஒரு சென்சாரின் அளவீடு 0 முதல் 100 வரைதான் வரும் என்று சி பிளஸ் பிளஸ் மொழியின் 23 பதிப்பில் வந்த அஸ்யூம் குறிப்பை எழுதினேன். அடுத்த வரியிலேயே, 100 ஐத் தாண்டினால் பிழை என்று ஒரு சோதனையும் வைத்திருந்தேன், பாதுகாப்புக்காம்! நான் சொன்னதை நம்பிய கம்பைலர் அந்தச் சோதனையை அப்படியே நீக்கிவிட்டது. சில மாதங்கள் கழித்துப் புதிய சென்சார் வந்தது. பழுதானால் அது 255 அனுப்பும். 101 இடங்கள் உள்ள அட்டவணையில் 255 ஆம் இடத்தைப் படித்து, நிரல் ஏதேதோ எண்களைக் காட்டியது. மேம்படுத்தல் இல்லாமல் உருவாக்கும் டீபக் பில்டிலோ எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு நாள் போயிற்று.

அஸ்யூம் எதையும் சோதிப்பதில்லை. அது நாம் எழுதிக் கொடுக்கும் வாக்கு. அது பொய்த்தால் நிரல் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அஸெர்ட் என்ற கட்டளை நிபந்தனையைச் சோதிக்கும், ஆனால் பயனருக்குப் போகும் ரிலீஸில் அதை அணைத்துவிட்டால் அதிலிருந்த தகவலும் கம்பைலருக்குப் போய்ச் சேராது. அதனால் டீபக்கில் அஸெர்ட்டாகவும் ரிலீஸில் அஸ்யூமாகவும் மாறும் ஒரு மேக்ரோவை இப்போது வைத்திருக்கிறேன்.

இந்த விஷயத்தில் ஏடா மொழியைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. 0 முதல் 100 வரை என்று டைப்பிலேயே எழுதலாம்; மீறினால் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எழும். 1983 முதலே இருக்கும் வசதி. ரஸ்ட்டில் பூஜ்யம் ஆகாத முழு எண் என்று தனி டைப் உண்டு. அதை, மதிப்பு இல்லாமலும் போகலாம் என்று குறிக்கும் ஆப்ஷனுக்குள் வைத்தாலும் அளவு கூடாது, 4 பைட் 4 பைட்டாகவே இருக்கும். மதிப்பு இல்லை என்பதைக் குறிக்க, காலியாகக் கிடக்கும் அந்தப் பூஜ்யமே போதும்.

இப்போதெல்லாம், எங்கே நேரம் செலவாகிறது என்று காட்டும் புரொஃபைலர் சுட்டிக்காட்டிய லூப்பில் மட்டுமே குறிப்பு எழுதுகிறேன். எழுதுவதற்கு முன்னும் பின்னும், கம்பைலர் உருவாக்கிய அசெம்பிளியை (எந்திரக் கட்டளைகளை) ஒப்பிடுவேன். மாற்றம் இல்லையென்றால் அழித்துவிடுவேன். அதிகமும் அழித்துத்தான் இருக்கிறேன்.