அவளிடம் கேட்ட கேள்வி

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு வயது 24. சிறு குழந்தையாக இருக்கும்போது காய்ச்சலோடு வலிப்பு வந்தது. பதினாறு வயதில் வேறு விதமாகத் தொடங்கியது. பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று வெறித்துப் பார்ப்பாள், வாயைச் சப்புவாள், துப்பட்டாவைப் பிசைவாள். சிறிது நேரத்தில் தெளிந்துவிடுவாள். மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் ஐந்து நாள் சேர்த்து வீடியோ இஇஜி எடுக்கிறார்கள். தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின் அலைகளையும், கேமராவில் அவளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வார்களாம். மாத்திரையைக் குறைத்து வலிப்பை வரவழைப்பார்களாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அறுவைச் சிகிச்சை என்ற பேச்சும் இருக்கிறது. அவளோ, "நீ கூட வா, ஆனால் டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்கிறாள். வரன் பார்க்கும் நேரம் வேறு. யாரிடமும் மூச்சு விடாதே என்கிறார் நாத்தனார். நான் என்ன செய்யட்டும்?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரை மட்டும் போதுவதில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகள் கேட்கவில்லை என்றால், மூன்றாவது கேட்கும் வாய்ப்பு குறைவு. அப்போதுதான் வலிப்பு மூளையின் எந்த இடத்தில் கிளம்புகிறது என்று தேடுகிறார்கள். அதற்கு வலிப்பு வந்தாக வேண்டும், கேமராவும் இஇஜியும் ஒரே நேரத்தில் அதைப் பிடித்தாக வேண்டும். சிலருக்கு இது கால்-கை வலிப்பே அல்ல என்றும் இதில்தான் தெரியவருகிறது. வீட்டில் நீங்களாக மாத்திரையை நிறுத்துவது பேராபத்து. அங்கே கை நரம்பில் ஊசி பொருத்தி, மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு குறைக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

என் மகனுக்கு இந்தக் கண்காணிப்பு நடந்தபோது அவனுக்கு இருபத்தேழு வயது. வரக்கூடாது வரக்கூடாது என்று வருடக்கணக்காக வேண்டியவள், இன்னும் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூத்து உங்களுக்கும் உண்டு, தயாராக இருங்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். புறப்படுவதற்கு முன் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். எண்ணெய் வைத்துவிடாதீர்கள், ஒயர் ஒட்டாது. தலையைச் சுற்றிக் கட்டுப்போட்டுவிடுவார்கள், தலைவழியாகக் கழற்றும் உடை எதுவும் உதவாது. முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்த சட்டையோ நைட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குத் தனியாகப் போக விடமாட்டார்கள். 24 வயதுப் பெண்ணுக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். நீங்கள் துணைக்குப் போவதா, நர்ஸ் போவதா என்பதை அவளே சொல்லட்டும்.

வலிப்பு வரும்போது உங்கள் வேலை மிகக் கொஞ்சம். நர்ஸை அழைக்கும் பொத்தானை அழுத்துங்கள். போர்வையை விலக்குங்கள், கை கால் தெரிய வேண்டும். பிறகு கேமராவை மறைக்காமல் தள்ளி நில்லுங்கள். இதுதான் கடினம், அம்மாக்கள் எல்லாரும் பாய்ந்து கட்டிப்பிடித்து, முதுகைத்தான் கேமராவுக்குக் காட்டுகிறார்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுக்கும் வழக்கத்தைக் கரூரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நர்ஸ் ஓடி வந்து, "உன் பெயர் என்ன? கையைத் தூக்கு" என்பார். பிறகு ஒரு பேனாவைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்பார். என் மகன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அது எதற்கு என்று அவனுக்குத் தெரிகிறது, எழுதுவதுபோல் விரலை அசைக்கிறான். சொல் மட்டும் வரவில்லை. எனக்கு நாக்கின் நுனியில் 'பேனா' துடிக்கிறது. நர்ஸ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வலிப்பு அடங்கிய பிறகு பேச்சு வர எவ்வளவு நேரமாகிறது என்பது, மூளையின் எந்தப் பக்கத்தில் அது தொடங்கியது என்று மருத்துவருக்குச் சொல்லும் தடயம். நான் வாயைத் திறந்திருந்தால் அந்தத் தடயம் கெட்டிருக்கும்.

டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று உங்கள் மகள் சொல்வதும் இதே கணக்குதான். அவளைக் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லட்டும், தாமதமானாலும், தப்பானாலும். மாத்திரையின் பெயரும் அளவும் அவள் வாயிலிருந்து வரட்டும்.

ஆனால் அவளால் சொல்லவே முடியாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அவளுக்கு வந்த வலிப்புகளை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறீர்கள். அவள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. துப்பட்டாவைப் பிசைவது எந்தக் கை? அப்போது மற்றக் கை என்ன செய்கிறது? விறைத்து முறுக்கிக்கொள்கிறதா? அப்படி முறுக்கும் கைக்கு எதிர்ப்பக்க மூளையைத்தான் மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். புறப்படுவதற்கு முன் யோசித்து எழுதிவையுங்கள், அவளிடமும் படித்துக் காட்டுங்கள். உங்களைக் கேட்கும்போது அதைச் சொல்லுங்கள். வீடியோவைப் போட்டுக் காட்டவா என்று மருத்துவர் கேட்டால், முடிவை அவளிடம் விடுங்கள். என் மகன் பார்த்தான், பிறகு வெகுநேரம் பேசவில்லை. உங்கள் மகள் வேண்டாம் என்றால் அதுவும் நியாயமே.

அறுவைச் சிகிச்சை பற்றி இப்போதே கலங்காதீர்கள். இந்தக் கண்காணிப்பு முடிந்த எல்லாருக்கும் அதைச் சொல்வதில்லை. அது புதிய சோதனை முயற்சியும் அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1952இலேயே வலிப்புக்கு மூளை அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார்.

நாத்தனார் விஷயம். ஒரு காலத்தில் இந்து திருமணச் சட்டமே அடிக்கடி வலிப்பு வருபவரைத் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்றது. 1999இல் அதை நீக்கிவிட்டார்கள். சட்டம் விட்டதை நாத்தனார் விடவில்லை, அவ்வளவுதான். வரப்போகிறவனிடம் மறைக்கக்கூடாது என்பது என் கட்சி. மறைத்தால் மாத்திரையையும் ஒளித்துத்தான் விழுங்க வேண்டும், ஒளித்து விழுங்கும் மாத்திரை ஒருநாள் விட்டுப்போகும். ஆனால் எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். ஐந்து நாளும் வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். என்ன சொல்லலாம் என்று அவளைக் கேட்டுக்கொண்டு பேசுங்கள்.

திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள், அவளுக்குச் சம்மதம் என்றால்.