அணி தோற்ற மறுநாள் பரோட்டா: சர்க்கரை நோயுள்ள ரசிகர் ஆட்டம் பார்க்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. சர்க்கரை நோய்க்கு ஆறு ஆண்டுகளாக மாத்திரை எடுத்து வருகிறேன். ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதங்களிலும் எடை கூடிவிடுகிறது, சர்க்கரையும் ஏறிவிடுகிறது. சென்னை அணி தோற்றால் மறுநாள் பரோட்டா, வடை என்றே மனம் அலைகிறது. ஆட்டம் பார்ப்பதையே விட்டுவிடுங்கள் என்கிறார் என் மனைவி. விடத்தான் வேண்டுமா? (மதுரை வாசகர்)

பதில்: விட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மனைவியின் கவலையில் நியாயம் இருக்கிறது. மறுநாள் உங்களுக்கு எழும் அந்த ஆசையும் வெறும் மனப்பிரமை அல்ல.

இன்சியாட் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்களான யான் கோர்னிலும் பியர் ஷாண்டோனும் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அமெரிக்கக் கால்பந்து லீக்கின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு மறுநாள் மக்கள் என்ன உண்டார்கள் என்று கணக்கிட்டார்கள். அணி தோற்ற நகரங்களில் திங்கட்கிழமையன்று நிறைவுற்ற கொழுப்பு, அதாவது வெண்ணெய், இறைச்சி, பாமாயில் போன்றவற்றில் மிகுந்திருக்கும் கொழுப்பு, வழக்கத்தைவிட 16 சதவீதம் கூடுதலாக உட்கொள்ளப்பட்டது. வென்ற நகரங்களில் அது 9 சதவீதம் குறைந்தது. மயிரிழையில் தோற்றபோது இந்த விளைவு இன்னும் வலுவாக இருந்தது. 2019 மே 12 அன்று ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் மும்பையிடம் ஒரே ஓட்டத்தில் சென்னை தோற்றது உங்களுக்கு நினைவிருக்கும். ரசிகரின் மறுநாள் உணவுக்கு மிகவும் ஆபத்தானவை அத்தகைய தோல்விகளே. ரசிகர் தம்மையும் அணியையும் ஒன்றாகவே எண்ணுவதால், அதன் தோல்வி தம் சொந்த மதிப்பின் மேல் விழுந்த அடியாகவே படுகிறது. அந்தக் காயத்துக்கு நாக்கின் வழியே ஆறுதல் தேடுகிறார்.

மாற்று வழியையும் அதே ஆய்வே காட்டியது. தங்கள் அணியின் தோல்வியை நினைவுகூர்ந்த பிரெஞ்சு ரசிகர்கள், தம் வாழ்வில் தாம் உயர்வாக மதிப்பவற்றைப் பற்றிச் சில வரிகள் எழுதிய பிறகு, கொழுப்பும் இனிப்பும் மிகுந்த தின்பண்டங்களை நாடுவது குறைந்துபோயிற்று. எனவே, ஆட்டம் தோல்வியில் முடிந்த இரவில், செய்திகளையும் வாட்ஸ்அப் கிண்டல்களையும் புரட்டிக்கொண்டிராமல், உங்கள் பிள்ளைகளைப் பற்றியோ தொழிலைப் பற்றியோ ஐந்து வரி எழுதிவிட்டுப் படுங்கள். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். செலவில்லாத மருந்து என்பதால் பரிந்துரைக்கிறேன். அதைவிட முக்கியமானது, மறுநாள் காலை என்ன சாப்பிடுவது என்பதை டாஸ் போடும் முன்பே வீட்டில் முடிவு செய்து, பயறு அடைக்கு ஊறப்போட்டுவிடுவது. தோற்ற மனநிலையில் இருப்பவரிடம் அந்த முடிவை விட்டுவைக்கக் கூடாது.

இனி நேரம். இரவு ஆட்டங்கள் 7.30க்குத் தொடங்கி முடிவதற்குப் பதினொன்றரை ஆகிவிடுகிறது. மழை குறுக்கிட்ட 2023 இறுதி ஆட்டம் நள்ளிரவு ஒன்றரை மணியையும் தாண்டியது. சாப்பாடு தள்ளிப்போகிறது, தூக்கம் குறைகிறது. தூக்கம் குறைந்தால் பசி கூடும். இன்சுலினும் உடலில் சரிவர வேலை செய்யாது. ஆகவே, ஏழு மணிக்குள் இரவு உணவை முடித்துவிடுங்கள். கொறிக்க வேண்டுமென்றால் ஒரு சிறு கிண்ணத்தில் சுண்டலை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கண் திரையில் இருக்கும்போது கை எவ்வளவு எடுக்கிறது என்பது தெரியாது என்பதால், சிப்ஸ் பாக்கெட் சோபாவுக்கு வரவே வேண்டாம். இரு இன்னிங்ஸுக்கும் இடையில் கிடைக்கும் இருபது நிமிடத்தில் மொட்டை மாடியில் நடந்துவிட்டு வரலாம்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. நீங்கள் எடுப்பது கிளிமிபிரைடு வகையாக இருந்து, அதை விழுங்கிவிட்டு, இந்த ஓவர் முடியட்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். மது அருந்தினால் இன்னும் மோசமாகும். அப்போது வரும் வியர்வையும் கை நடுக்கமும் படபடப்பும் கடைசி ஓவரின் பதற்றத்தைப் போலவே இருப்பதால், நோயாளியும் அருகில் இருப்பவர்களும் ஏமாந்துபோகிறார்கள். சந்தேகம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பாருங்கள்.

இதயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006 கால்பந்து உலகக் கோப்பையின்போது ஜெர்மனி ஆடிய நாள்களில் மியூனிக் வட்டாரத்தில் இதய அவசர நிகழ்வுகள் வழக்கத்தைப் போல் 2.66 மடங்காயின, ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களிடம் இது நான்கு மடங்கு. இத்தாலியில் நடந்த ஓர் ஆய்விலோ அத்தகைய உயர்வே தென்படவில்லை. பொதுவான ரசிகருக்கு இந்த முரண்பாடு ஆறுதலாக இருக்கலாம். சர்க்கரை நோயாளி மியூனிக்கின் கணக்கையே மனத்தில் கொள்வது நல்லது என்பது என் கருத்து. சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரக்கூடும். மூச்சுத்திணறலோ, காரணமற்ற வியர்வையோ, மேல்வயிற்றில் இறுக்கமோ தோன்றி, சர்க்கரை அளவு சரியாக இருந்தால், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் 108ஐ அழையுங்கள்.

உங்கள் மனைவியிடம் ஸ்காட்லாந்துக் கதை ஒன்றையும் சொல்லுங்கள். அங்கே 13 தொழில்முறைக் கால்பந்துக் கழகங்கள் 35 முதல் 65 வயது வரையுள்ள பருமனான ஆண் ரசிகர்களைத் தம் மைதானங்களுக்கே வரவழைத்து, 12 வாரம் உணவுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் அளித்தன. ஓராண்டுக்குப் பிறகு, பயிற்சி பெறாதவர்களைவிட அவர்கள் சராசரியாக ஏறக்குறைய 5 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். எடைக் குறைப்பு வகுப்பு என்றால் எட்டிப் பார்க்காத ஆண்களை அணியின் பெயர் இழுத்து வந்தது. உங்களோடு ஆட்டம் பார்க்கும் நண்பர்களையே காலை நடைக்கும் கூட்டிச் செல்லலாம்.

எச்பிஏ1சி சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் என்பதால், ஐபிஎல் தொடங்கும் முன் மார்ச்சில் ஒரு முறையும் முடிந்தபின் ஜூனில் ஒரு முறையும் எடுத்து, இரண்டு முடிவுகளையும் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்; மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.