மெக்கின்னியில் புது வீடு: முதல் வருட வரியை நம்பாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு டெக்சாஸின் பிளேனோவில் வேலை. பக்கத்து மெக்கின்னியில், கட்டி முடியும் நிலையில் உள்ள ஒரு வீட்டை வாங்க நினைக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஊர் எப்படி? விற்பவர் சொல்லும் மாதத் தவணைக் கணக்கை நம்பலாமா?

பதில்: ஊரைத் தாராளமாக நம்பலாம். டாலஸுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் மெக்கின்னி, காலின் கவுண்டியின் தலைமையிடம். 2000-இல் 54,369 ஆக இருந்த மக்கள்தொகை 2020-இல் 1,95,308 ஆகிவிட்டது. பழைய கவுண்டி நீதிமன்றம் இன்று கலையரங்கம். அதைச் சுற்றியுள்ள கடைவீதியை ஒரு மாலை நடந்து பாருங்கள், பிடித்துப்போகும். டாலஸ் வட்டாரப் பொதுப் போக்குவரத்தான டார்ட் ரயில் மட்டும் இங்கே வராது. காலையில் 75-ஆம் நெடுஞ்சாலை நெரிசலில் ஒருமுறை பிளேனோ வரை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தவணைக் கணக்குதான் சிக்கல். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அந்தச் சுமை சொத்து வரியில் ஏறுகிறது. ஜனவரி 1 அன்று சொத்து எந்த நிலையில் இருக்கிறதோ, அதை வைத்தே அந்த வருடத்துக்கு மதிப்பிடுவார்கள். அன்று உங்கள் மனையில் வெறும் அஸ்திவாரம்தான் இருந்தது என்றால், முதல் வருட வரி மிகக் குறைவாக வரும். அதை வைத்துத் தவணை போட்டால் கணக்கு அழகாகத்தான் இருக்கும். மறுவருடம் முழு வீட்டுக்கும் வரி வரும். வரி கட்டுவதற்காகத் தவணையோடு சேர்த்து வங்கி பிடித்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் விழுந்த துண்டையும் சேர்த்து வசூலிக்கும். மாதத் தவணை பல நூறு டாலர் எகிறிப் பலரும் திகைப்பது அப்போதுதான். எனவே, வாங்கும் விலையை மொத்த வரி விகிதத்தால் பெருக்கி நீங்களே கணக்கிடுங்கள்.

அந்த விகிதமும் ஊர் முழுக்க ஒன்றல்ல. டிரினிட்டி ஃபால்ஸ் போன்ற குடியிருப்புகளில், குடிநீர், வடிகால் வசதிகளுக்கு வாங்கிய கடனை அடைக்க ‘மட்’ என்ற தனி வரி உண்டு. விளம்பரத்தில் இது கண்ணில் படாது. ஒப்பந்தத்துக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பள்ளியும் அப்படித்தான். முகவரியில் மெக்கின்னி என்றிருந்தாலும், தெருவைப் பொறுத்து மெக்கின்னி, ஃபிரிஸ்கோ, பிராஸ்பர், ஆலன் என்று பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) மாறலாம். புதுப் பள்ளிகள் திறக்கும்போது எல்லைகளையும் மாற்றி வரைவார்கள். வீட்டு முகவரியைச் சொல்லிப் பள்ளி மாவட்ட அலுவலகத்திலேயே கேளுங்கள்.

குடியேறியதும் முதல் வேலையாக, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குத் தரப்படும் ஹோம்ஸ்டெட் வரி விலக்குக்கு விண்ணப்பியுங்கள். சொத்து வரியில் பள்ளிகளுக்குப் போகும் பங்கு கணிசமாகக் குறையும். அடுத்த ஆண்டு முதல், வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றப்படாது. இதற்கான விண்ணப்பத்தை, சொத்துகளை மதிப்பிடும் அலுவலகமான காலின் மதிப்பீட்டு மாவட்டம் இலவசமாகவே ஏற்கிறது. கட்டணம் கேட்டு அரசு முத்திரை போன்ற படத்தோடு கடிதம் வந்தால் கிழித்துப் போடுங்கள்.