பசிபிக் ரக்பி லீக் சாம்பியன்ஷிப்பை ஆஸ்திரேலியாவோ நியூசிலாந்தோதானே ஜெயிக்கப்போகிறது, அப்புறம் எதற்குப் பார்க்க வேண்டும்?

பசிபிக் நாடுகள் மோதும் இந்தப் போட்டியில் (ரக்பி லீக் என்பது அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி) கோப்பையைத் தூக்கியவர்களை மட்டும் கணக்கெடுத்தால் நீங்கள் சொல்வது சரிதான். 2023இல் நியூசிலாந்து, 2024இல் ஆஸ்திரேலியா, 2025இல் மறுபடியும் நியூசிலாந்து. ஆனால் ஆக்லாந்தில் குடியிருக்கும் எனக்கு இந்தப் போட்டி நடக்கும் அக்டோபர் பிறந்தாலே மனசு டோங்கா பக்கம்தான் போகிறது.

அதற்குக் காரணம் 2017 ரக்பி லீக் உலகக் கோப்பை. ஜேசன் டௌமலோலோ ஆக்லாந்தில் பிறந்தவர், நியூசிலாந்து அணியின் பெரிய பலம். போட்டி தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது, தன் குடும்பத்தின் பூர்வீக நாடான டோங்காவுக்கே ஆடுவேன் என்று சொல்லிவிட்டார். ஆஸ்திரேலியாவை விட்டு ஆண்ட்ரூ ஃபிஃபிடாவும் வந்து சேர்ந்தார். பெரிய அணிகளில் கிடைக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் டோங்காவில் கிடைப்பது சொற்பம். தெரிந்தேதான் வந்தார்கள். நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் இரு அணிகளும் மோதின. ஆட்டத்துக்கு முன் நியூசிலாந்து வீரர்கள் ஹாக்கா என்ற மாவோரி போர் நடனத்தை ஆடும்போதே டோங்கா வீரர்கள் எதிரே நின்று தங்கள் போர் நடனமான சிபி டௌவைத் தொடங்கிவிட்டார்கள். இடைவேளையில் பின்தங்கியிருந்த டோங்கா 28-22 என்று ஜெயித்தது. அந்த நாட்களில் ஆக்லாந்தின் ஓட்டாஹுஹு பக்கம் போனால் காருக்குக் கார் டோங்காவின் சிவப்புக் கொடி, ஹார்ன் சத்தம், ரோட்டோரம் பாட்டு. இரண்டே வருடத்தில் ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில் ஆஸ்திரேலியாவையும் 16-12 என்று சாய்த்தார்கள்.

இப்போதைய சாம்பியன்ஷிப் 2023இல் தொடங்கியது. அதில் எனக்குப் பிடித்த ஆட்டம் 2024 நவம்பர் 2 அன்று ஆக்லாந்து மவுண்ட் ஸ்மார்ட் மைதானத்தில் நடந்தது. டோங்கா 25, நியூசிலாந்து 24. ரக்பி லீக்கில் ட்ரைக்கு (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) 4 புள்ளி, கன்வெர்ஷனுக்கும் (ட்ரைக்குப் பின் பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) பெனால்டி கோலுக்கும் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் உதை) 2. ஒற்றைப்படையில் ஸ்கோர் வந்தால் யாரோ ஒரு புள்ளி ஃபீல்ட் கோல் (ஆட்டம் நடக்கும்போதே பந்தைத் தரையில் துள்ளவிட்டுக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்று அடித்தவர் டோங்காவின் இளைஞர் இசையா கடோவா. முந்தைய வருடத்துச் சாம்பியனான நியூசிலாந்து இறுதிப்போட்டிக்கே போகவில்லை. சிட்னியில் நடந்த இறுதியில் டோங்கா 20-14 என்று ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. ஆறே புள்ளி!

2025இல் ஆஸ்திரேலியா இங்கிலாந்து சுற்றுப்பயணம் போய்விட்டதால் இதில் ஆடவில்லை. சமோவா டோங்காவை 34-6 என்று நொறுக்கி இறுதிவரை வந்தது. இரண்டாம் பிரிவான பசிபிக் பௌலையும் ஒதுக்கிவிடாதீர்கள். அதில் ஆடும் பப்புவா நியூ கினியில் ரக்பி லீக்தான் தேசிய விளையாட்டு. 2028இல் அவர்களுடைய அணி ஒன்று ஆஸ்திரேலியாவின் முதன்மை கிளப் போட்டியான என்.ஆர்.எல். லீக்கிலேயே ஆடப்போகிறது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. 2023 முதல் 2025 வரை சமோவாவின் தலைநகர் அபியாவிலோ டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபாவிலோ ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. பப்புவா நியூ கினியின் போர்ட் மோர்ஸ்பியிலும் ஃபிஜியின் சுவாவிலும் நடத்த முடிகிறது என்றால், சமோவாக்காரரும் டோங்காக்காரரும் சொந்த மண்ணில் தங்கள் அணியைப் பார்க்க வழி செய்தே ஆக வேண்டும்.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறதென்றால் அந்த 25-24 ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். தொடங்குவதற்கு முன் வரும் சில நிமிடங்களை ஓட்டிவிடாதீர்கள், ஹாக்காவும் சிபி டௌவும் அதில்தான் வரும்.